பழம் சுற்றுகிறவர்களுக்குப் போன் செய்த நாட்கள்

விளையாடுவதை நிறுத்திவிட்டவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் விளையாட வைப்பது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இதுதான் என் வேலையாக இருந்தது. சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், ஏசி போட்ட நீள அறையில், காதில் ஹெட்செட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்போம். எல்லாருமே பெண்கள். எல்லாருக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தது.

விளையாட்டு இதுதான். போனில் மூன்று சக்கரங்கள் தெரியும். பொத்தானைத் தொட்டால் சுற்றும். எலுமிச்சை, செர்ரி, திராட்சை, தர்பூசணி என்று பழங்கள் மேலிருந்து கீழாக ஓடி, ஒவ்வொன்றாக நிற்கும். பண்ருட்டிக்காரர்களை மனதில் வைத்தோ என்னவோ, நடுவில் ஒரு பலாப்பழத்தையும் சேர்த்திருந்தார்கள். மூன்றும் ஒரே பழமாக நின்றால் காசு கொட்டும் சத்தம் வரும். ஆனால் அந்தக் காசு வெறும் எண்தான். அதைக் கொடுத்து ஒரு டீகூட வாங்க முடியாது. தீர்ந்துபோனால் சொந்தப் பணத்தைப் போட்டு மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாளே எங்கள் டீம் லீடர் விளக்கிவிட்டார். என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருப்பார், இன்ஜினீயரிங் படித்தவர்.

"இது சூதாட்டமான்னு வீட்ல கேப்பாங்க. இல்லன்னு தைரியமா சொல்லுங்க. சூதாட்டத்துல காசு உள்ள போவும், வெளியவும் வரும். இதுல வெளியவே வராது. அப்புறம் எப்பிடி அது சூதாட்டம்?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

யாரைக் கூப்பிட வேண்டும் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்து டயல் செய்யும். நம்பர் எங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் அவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர் மட்டும் திரையில் வரும். நலம் விசாரிக்க வேண்டும், உங்களைக் காணோமே என்று வருத்தப்பட வேண்டும், ஏன் விளையாடவில்லை என்று கேட்க வேண்டும், பிறகு இலவசச் சுற்றுகள் தருவதாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் மூன்று தடவை கேட்காமல் விடக் கூடாது. இந்தப் பேச்சு முழுவதும் அச்சடித்து எங்கள் முன்னால் ஒட்டப்பட்டிருந்தது.

திட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். சிலர் திட்டவும் செய்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் பேசினார்கள். "கொஞ்ச நாளா ஏன் விளையாடல சார்?" என்று நான் கேட்டது அவர்கள் காதில் வேறு ஏதோ கேள்வியாக விழுந்தது போலிருக்கிறது. கீழ வீதியில் டூரிஸ்ட் வேனை நிறுத்திவிட்டு, சாமி பார்க்கப் போனவர்கள் திரும்பும்வரை பழம் சுற்றும் ஒரு டிரைவர், மிலிட்டரியில் செலக்ஷன் ஆகியும் அம்மா அழுததால் போகாமல் விட்டதைச் சொன்னார். திருவதிகையில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, தனக்கு வக்கீலாகத்தான் ஆசை இருந்ததாகவும், டீச்சர் ட்ரெயினிங்கில் அப்பா பார்த்துச் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, "இத ஏன் உன்கிட்ட சொல்றேன்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். எனக்கும் தெரியவில்லை. "உங்களுக்காக இலவச ஸ்பின் வெச்சிருக்கோம் மேடம்" என்றேன்.

நானும் ஒன்றை விட்டுவிட்டு வந்தவள்தான். எங்கள் வீடு கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. படித்தேன். இறாலும் நண்டும் எப்படி வளர்கின்றன, எதனால் சாகின்றன என்பதுதான் என் ப்ராஜெக்ட். படிப்பு முடிந்ததும் நெல்லூர் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த நேரத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நான் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு நெல்லூருக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிதம்பரத்தில் வேலை, தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள், வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகப் போகும். வெள்ளாற்றுப் பக்கம் வரும்போது ஒரு புறத்து ஜன்னலில் இறால் குட்டைகள் தெரியும். தண்ணீரை அடித்து நுரையாக்கும் ஏரேட்டர் சக்கரங்கள் வெயிலில் சுழன்றுகொண்டிருக்கும். நான் அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு நாள் காலை, கம்ப்யூட்டர் ஒருவருக்கு டயல் செய்தது. நான் ஒட்டியிருந்த பேச்சைத் தொடங்கினேன்.

"வணக்கம் சார். உங்களக் கொஞ்ச நாளா காணோமேன்னுதான் கூப்பிட்டோம்."

"நான் எங்கம்மா போயிட்டேன்? குட்டையிலதான் உக்காந்துகினு இருக்கேன்."

குரலுக்குப் பின்னால் ஏராளமான காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

"இறால் குட்டையா சார்?" இது ஒட்டியிருந்த தாளில் இல்லாத கேள்வி.

"ஆமாம்மா. மழைக்கு முன்னாடி புடிச்சிடலாம்னு பாத்தேன், மழ முந்திக்கிச்சு. காலையிலேருந்து இறாலெல்லாம் கரையோரமா வந்து ஒதுங்குது. காக்கா மொய்க்குது. இந்த லட்சணத்துல நான் இன்னாத்தப் பழம் சுத்துறது?"

"மழை நின்னப்புறம் மேத்தண்ணிய வடிச்சீங்களா?"

காக்கைச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் உயர்ந்தது.

"யாரும்மா நீ?" என்றார்.

"சொல்றேன். மொதல்ல ஒரு இறால எடுத்துப் பாருங்க. ஓட்டுல வெள்ளைப் புள்ளி இருக்கா?"

தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. "புள்ளி எதுவும் இல்ல. ஓடுதான் மெத்துனு இருக்கு."

"புள்ளி இல்லன்னா பெரிய நோயா இருக்காதுன்னு நெனைக்கிறேன். நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது. மழைத்தண்ணி மேலயே நிக்கும், உப்புத்தண்ணியோட சட்டுனு கலக்காது. கீழ காத்து போவாம இறாலுக்கு மூச்சு முட்டும். மதகுல மேல் பலகைய மட்டும் எடுத்துட்டு மேத்தண்ணிய வெளிய விடுங்க. எல்லா ஏரேட்டரையும் ஓட விடுங்க. இன்னிக்குத் தீவனம் போடாதீங்க. சுண்ணாம்பு இருந்தா கொஞ்சமா கரைச்சித் தெளிங்க, மொத்தமா கொட்டிடாதீங்க."

"ரெண்டு ஏரேட்டர் ரிப்பேரும்மா."

"இருக்கறத ஓட்டுங்க."

அவர் யாரையோ கூப்பிட்டு மதகுக்குப் போகச் சொன்னார். பிறகுதான் ஞாபகம் வந்தவர்போல், "ஆமா, நீ எதுக்கும்மா எனக்கு போன் பண்ண?" என்றார்.

"சும்மாதான். எப்பிடி இருக்கீங்கன்னு கேக்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். இலவசச் சுற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எங்கள் பேச்சு எல்லாம் பதிவாகும். மதியமே டீம் லீடர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே போனில் பழம் சுற்றிக்கொண்டிருந்தார். அவரும் விளையாடுகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

"இறாலுக்கு மூச்சு முட்டுனா நமக்கு இன்னா?" என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச விஷயம் சார். வாய்ல வந்துடுச்சு."

"எனக்கும்தான் ஹாக்கி தெரியும். ஸ்டேட் லெவல்ல ஆடிருக்கேன். ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும்னு காத்துகினு இருந்து, கால் போச்சு. அதுக்காகக் கஸ்டமர்கிட்ட ஹாக்கியப் பத்தியா பேசிகினு இருக்கேன்?" சக்கரம் நின்றது. பார்த்துவிட்டு மறுபடி தொட்டார். "அந்த ஆளு திரும்ப லிஸ்ட்ல வருவான். அப்ப எழுதிக் குடுத்தத மட்டும் பேசு."

அடுத்த வாரமே அவர் திரும்ப வந்தார். என் குரலைக் கேட்டதும் சிரித்தார்.

"நீயா? இருக்கியா நீ? ரெண்டு தடவ வேற வேற பொண்ணு பேசுச்சு. மேத்தண்ணி வடிக்கச் சொன்ன பொண்ணக் குடுன்னா, அப்பிடி யாரும் இல்லைன்னுட்டாங்க. கேளு, அன்னிக்கி சாயங்காலமே இறால் கரைய விட்டு உள்ள போயிடுச்சும்மா. கொஞ்சம் செத்துதான் போச்சு. ஆனா முக்காவாசி நின்னுச்சு, அல்லாவோட கிருபை."

எனக்குக் கண் கலங்கியது. பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவர் பேசிக்கொண்டே போனார். பரங்கிப்பேட்டைக்காரர். பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சீட்டு கிடைத்திருக்கிறது. இன்ஜின் என்றால் உயிர். ஆனால் அவருடைய வாப்பா சவுதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி, விசாவும் வந்துவிட்டது. போனவர் நாற்பது வயதுவரை அங்கேயே துணி மடித்தார். ஊர் திரும்பி, மச்சானோடு சேர்ந்து இந்தக் குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

"மதியானத்துல கொட்டகையில உக்காந்தா, அந்த சீட்டு ஞாபகம்தாம்மா வரும். அன்னிக்கி வாப்பாகிட்ட மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா எப்பிடின்னு ஆரம்பிக்கும். பழத்த சுத்த வுட்டா அது அடங்கும். மூணும் ஒண்ணா வருதா இல்லியான்னு பாக்கற வரைக்கும் வேற எதுவும் தோணாது. நின்னதும் திரும்ப ஆரம்பிக்கும். திரும்ப சுத்துவேன்."

நான் அவ்வளவு பேருக்குப் போன் செய்திருக்கிறேன். இதை இப்படி யாரும் சொல்லவில்லை.

"ஏம்மா, இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு அங்க உக்காந்துகினு எதுக்கு என்னக் கூப்புட்டுகினு இருக்க?" என்று கேட்டார்.

கேள்வி கேட்பது என் பக்கம். பதில் சொல்வது அவர்கள் பக்கம். இப்படித் திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை. கண் முன்னால் ஒட்டியிருந்த தாள் தெரிந்தது. அதையே படித்தேன்.

"உங்களுக்காக அம்பது இலவச ஸ்பின் வெச்சிருக்கோம் சார்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "வெச்சுக்கம்மா. நீயே சுத்து. ஆனா ஒரு நாள் வந்து குட்டையப் பாத்துட்டுப் போ. முட்லூர்லேருந்து கிள்ளை ரோட்ல வந்தா, பச்சை ஷீட் போட்ட கொட்டகை. யாரக் கேட்டாலும் பாய் குட்டைன்னு சொல்லுவாங்க."

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம், குட்டைகள் தெரியும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசு கொட்டும் சத்தம் வாசலிலேயே கேட்டது. நாள் முழுக்க ஹெட்செட்டில் கேட்கும் அதே சத்தம்.

"இன்னாம்மா இது?"

"உன் ஆபீஸ் விளையாட்டுதான். எப்பிடித்தான் இருக்கும்னு ஏத்திப் பாத்தேன்." அம்மா தலை நிமிரவில்லை. "பலாப்பழம் ரெண்டு வந்துடுது. மூணாவது வர மாட்டேங்குது."

"காசு கட்டுனியா?"

"அய்ய, சும்மா குடுத்ததுதான். மதியானத்துல பொழுது போவுது. இதுல உக்காந்தா கண்டதையும் நெனைக்காம இருக்கலாம்."

கண்டது என்றால் என்ன என்று கேட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வயது இருக்கும்போது மேல்பட்டாம்பாக்கத்தில் அங்கன்வாடி வேலைக்கு அம்மாவுக்கு ஆர்டர் வந்ததாம். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

"என்னால போவலியா?"

"எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். கைக்கொழந்தைய வுட்டுட்டு எப்பிடிப் போறதுன்னு. அங்க போறதே கொழந்தைங்களப் பாத்துக்கற வேலைதான், உன்னயும் தூக்கிகினு போயிருக்கலாம். எனக்குப் பயம். ஆபீசருங்க வருவாங்க, கணக்கு கேப்பாங்கன்னு பயம். உன்ன சாக்கா வெச்சிக்கிட்டேன்." அம்மா பொத்தானைத் தொட்டாள். சக்கரம் சுற்றி நின்றது. "இப்ப அதெல்லாம் எதுக்கு. போய் மூஞ்சி கழுவு."

முகம் கழுவும்போது நெல்லூர் நினைவுக்கு வந்தது. அப்பா படுத்திருந்தபோது நான் போகாமல் இருந்தது சரிதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அப்பா போன பிறகும் போகவில்லையே, அதற்கு அப்பா காரணம் இல்லை. எனக்கு இதை யோசிக்கக் கஷ்டமாக இருந்தது. துண்டோடு திரும்பி வந்து, "அம்மா, வேலைய விடப் போறேன்" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். "வேற எங்க கெடச்சிருக்கு?"

"எங்கயும் இல்ல. இறால் குட்டைக்காரங்களுக்குத் தண்ணி பாத்துச் சொல்லப் போறேன். இங்கேருந்து கிள்ளை வரைக்கும் அவ்ளோ குட்டை இருக்கு. பக்கத்துல ஆள் கெடையாது."

கல்யாணப் பேச்சை எடுப்பாள், சம்பளத்தைச் சொல்வாள் என்று தயாராக நின்றேன்.

"ஆம்பளைங்க இருக்கற எடம். மொத நாள் நானும் வரேன்" என்றாள்.

ராஜினாமாவை டீம் லீடரிடம் கொடுத்தபோது அவர் நம்பவில்லை. சம்பளம் கூட்டித் தரக் கேட்கிறேன் என்று நினைத்தார்.

"நம்ப ஊர்ல, ஏசி ரூம்ல உக்காந்து வேல. இத வுட்டுட்டு சேத்துல போய் நிக்கப் போறியா?"

"ஆமா சார்."

"ரெண்டு மாசத்துல திரும்பி வந்து நின்னா சீட்டு இருக்காது."

"வேணாம் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் கதவுவரை போனதும், "அந்த ஆளு இறால் பொழச்சிதா?" என்று கேட்டார். முக்கால்வாசி என்றேன். தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பி.முட்லூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கிள்ளை ரோட்டில் போனோம். பரங்கிப்பேட்டையில் நான் படித்த துறையில் இப்போது படிக்கும் ஜூனியர் பெண் ஒருத்தியிடம் உப்பு அளக்கும் கருவியைக் கடன் வாங்கியிருந்தேன். கடைசிச் சம்பளத்தில் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். வழியில் ஒரு டீக்கடையில் பாய் குட்டை எது என்று கேட்டதும், டீ ஆற்றிக்கொண்டே கையைக் காட்டினார்கள்.

பச்சை ஷீட் கொட்டகைக்குக் கீழே, கைலி கட்டிய ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மனதில் வைத்திருந்ததைவிட ஒல்லியாக, தாடி நரைத்து இருந்தார்.

"அண்ணே, வணக்கம்."

நிமிர்ந்தார். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தையிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது.

"மேத்தண்ணி பொண்ணு!" என்று எழுந்து நின்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார், அது உள்ளிருந்தே காசு கொட்டியது. வெட்கத்தோடு மறுபடி எடுத்து அணைத்தார். "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டு, "எறங்கறியா?" என்று என்னைக் கேட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வெதுவெதுப்பான சேறு கணுக்கால்வரை ஏறியது. இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கக் கட்டியிருக்கும் வலைத்தட்டை அவர் தூக்கிக் காட்டினார். தீவனம் மிச்சம் இல்லை. இறால் ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் துள்ளி விழுந்தது. ஓடு கெட்டியாகியிருந்தது. படிப்பு முடித்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கை எதையும் மறந்திருக்கவில்லை.

அன்றே அவர் பக்கத்துக் குட்டைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்தார். "இந்தப் புள்ள போன்லயே என் குட்டையக் காப்பாத்துச்சு" என்று பெருமையாகச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. ஒருவர், "இறால் மருந்துக் கடைக்காரர் வாராவாரம் வந்து பாத்துட்டுப் போறாரே" என்றார். மருந்துக் கடைக்காரர் தண்ணீரைப் பார்ப்பதில்லை, மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் அவர்கள் குட்டையிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. விடிந்தும் விடியாமலும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பின்னாலேயே மருந்துக் கடைக்குப் போய் வேறு எதையாவது வாங்கிக் கொட்டுவார்கள். ஒருவர் நான் வரும்போதெல்லாம், "உங்க சார் வரலியா?" என்று கேட்பார். சார் என்று யாரும் இல்லை, நான்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சில மாதங்களில் மேல வீதி ஏசியை நினைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. காலையில் பெட்டியைத் தூக்கும்போது யாரும் எழுதிக் கொடுத்த பேச்சு என்னிடம் இல்லை. பார்த்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த கோடையில் பாய் அண்ணனின் குட்டையில் வெண்புள்ளி நோய் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். இறாலின் தலையோட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தபோது அரிசிக் குருணைபோலப் புள்ளிகள் தெரிந்தன. அதற்கு மருந்து கிடையாது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நிற்க, அவரே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"மேத்தண்ணிய வடிக்கலாமா?" என்று கேட்டார். வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட வெளிய விடக் கூடாதுண்ணே. ஆத்துல போச்சுன்னா எல்லாக் குட்டைக்கும் போவும். ப்ளீச்சிங் பவுடர் போட்டு உள்ளயே வெக்கணும்."

அவருடைய மச்சான் கரையில் நின்றிருந்தார். "எல்லாரும் சத்தம் போடாம தொறந்துதான் வுடுறாங்க. நாம மட்டும் எதுக்கு?" என்றார்.

"அவுங்க தொறந்து வுட்டதாலதான் நம்பளுக்கு வந்திருக்கு" என்றார் அண்ணன். மதகின் பலகைகளைத் தானே போய் இறுக்கி, இடுக்கில் களிமண் வைத்து அடைத்தார். திரும்பி வந்து கொட்டகையில் உட்கார்ந்து போனை எடுத்தார். பழங்கள் ஓடின. எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை, போகவும் மனம் வரவில்லை. எதிரில் மண் திட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கி இதுவும் அடக்க மாட்டேங்குதும்மா" என்று போனைக் கீழே வைத்தார்.

அந்தக் குத்தகையை அவர் தொடரவில்லை. மறுபடி சவுதிக்குப் போகச் சொல்லி வீட்டில் நச்சரித்தார்கள். கொட்டகையைக் காலி செய்யும் முன்னால் ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது, ரிப்பேராகிக் கிடந்த இரண்டு ஏரேட்டர்களையும் பிரித்துப்போட்டு, கியர் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். கை, தாடி எல்லாம் கிரீஸ். போனில் பழத்துக்குப் பதிலாக ஒரு மெக்கானிக் வீடியோ ஓடியது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொரு பல்சக்கரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தாறு வயசாவுது. இனிமே பாலிடெக்னிக்ல எவனும் சேத்துக்க மாட்டான்" என்றார். "ஆனா இந்த மோட்டாருக்கு என் வயசு தெரியாதில்ல."

இரண்டு ஏரேட்டரையும் ஓட வைத்தார். பக்கத்துக் குட்டைக்காரர் தன்னுடையதைக் கொண்டுவந்து போட்டார். அதற்கு முன்னால் எது கெட்டாலும் கடலூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்போது பி.முட்லூரில் சாலையோரம் அவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பழம் சுற்றுவதை அடியோடு விட்டுவிட்டாரா என்று கேட்டால், இல்லை. சில மதியங்களில் நான் போகும்போது போன் கையில் இருக்கும். "ஒரே ஒரு சுத்தும்மா" என்பார். யாராவது மோட்டாரோடு வந்து நின்றால் சக்கரம் நிற்கும்வரைகூடக் காத்திருக்காமல் எழுந்துவிடுகிறார். பாலிடெக்னிக் போகாத வருத்தம் அவருக்குப் போய்விட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். போன ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்து அனுப்பியபோதுகூட அந்த சீட்டைப் பற்றித்தான் பேசினார்.

மேல வீதி ஆபீஸில் இப்போது பழ விளையாட்டு இல்லை என்று பழைய தோழி ஒருத்தி சொன்னாள். அதே நாற்காலி, அதே ஹெட்செட், வேறு ஏதோ ஆப். டீம் லீடர் வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுப்பதாகவும், இல்லை, சென்னைக்குப் போய்விட்டதாகவும் இரண்டு விதமாகக் கேள்விப்பட்டேன். எது உண்மை என்று தெரியாது. முதலாவதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எனக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை இருக்கிறது. மைக்ராஸ்கோப், பாட்டில்கள், ஒரு மேஜை. அம்மா வாரத்தில் பாதி நாள் என்னோடு வருகிறாள். வரும் போன்களை அவள்தான் எடுப்பாள். குட்டைக்காரர்கள் படபடப்பாகப் பேசினால், "மொதல்ல உக்காருங்க. காக்கா வருதா, இல்லியா, அத சொல்லுங்க" என்று அதட்டுகிறாள். ஆபீசர்களுக்குப் பயந்தவள் அவள்தானா என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

போன மாதம் கிள்ளையில் ஒரு பெரிய குட்டைக்காரர் கூப்பிட்டிருந்தார். இறால் குஞ்சுகள் ஏற்றிய வண்டி மறுநாள் வருவதாக ஏற்பாடு. தண்ணீர் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டால் போதும். அளந்து பார்த்தேன். சரியாக இல்லை. அடிச்சேறு காயாமலே தண்ணீர் கட்டியிருந்தார். கையால் கிளறியபோது கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தது.

"இப்ப குஞ்சு விட வேணாங்க. வடிச்சிட்டுக் காயப் போடுங்க. அப்புறம் பாக்கலாம்."

"வண்டி வருதும்மா. நீ சும்மா சரின்னு சொல்லிட்டுப் போ."

"சரியா இல்லீங்க."

அவருடைய ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மேல வீதியில போன் பேசிகினு இருந்த பொண்ணுதான நீ? உனக்கு இன்னா தெரியும்?"

"ஆமாங்க, பேசிகினு இருந்தேன். தண்ணி சரியா இல்ல." பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி மூடினேன். "வேற யாராவது சரின்னு சொன்னா விடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

கரை மேல் ஏறி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். முழங்கால்வரை சேறு காய்ந்து இழுத்தது. பஸ் வருவதற்குள் அவருடைய ஆள் ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்து, மதகைத் திறக்கச் சொல்லிவிட்டதாகவும், எத்தனை நாள் காய வேண்டும் என்று முதலாளி கேட்கிறார் என்றும் சொன்னார்.

"சேறு வெடிக்கற வரைக்கும்" என்றேன். "அடுத்த வாரம் வந்து பாக்கறேன்னு சொல்லுங்க."